கோடு முடிந்தால் கடமை முடியுமா?

2020ஆம் ஆண்டில் பெங்களூர் வெளிவட்டச் சாலையில், மிதிவண்டியில் செல்வோருக்கெனத் தனிப்பாதை ஒன்று வகுக்கப்பட்டது. சாலையோரத்தில் கோடு கிழித்து, சிறு கம்பங்களை வரிசையாக நட்டு, இவ்வளவு இடம் மிதிவண்டிக்கு உரியது என்று ஒதுக்கிக் கொடுத்தார்கள். அது புதிதாக இருந்த நாட்களில் ஒரு மாலைப்பொழுது, அப்பாதை முடிவுறும் ஓரிடத்தில் நாம் சிறிது நேரம் நின்று பார்த்தோம்.

காவற்பணியின் உடையணிந்த முதியவர் ஒருவர், வேலை முடிந்து மிதிவண்டியில் வந்தார். கைப்பிடியில் சாப்பாட்டுப் பை தொங்கிற்று. கம்பங்கள் நின்ற வரையில் அவர் அச்சமின்றி நிமிர்ந்து வந்தார். கடைசிக் கம்பத்தை அடைந்ததும் வண்டி தயங்கிற்று. ஒரு காலைத் தரையில் ஊன்றி, தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்தார். கார்கள் வந்தன, பஸ்கள் வந்தன, மோட்டார் சைக்கிள்கள் வந்தன. ஒன்றேனும் வேகத்தைக் குறைக்கவில்லை. ஒரு கார் அவருடைய முழங்கையை உராய்வது போல் நெருங்கி, ஒலியெழுப்பிக்கொண்டு சென்றது. பலமுறை திரும்பித் திரும்பிப் பார்த்தபின் அவர் வண்டியை விட்டு இறங்கினார். சாலையோரத்துப் புழுதியில் அதனைத் தள்ளிக்கொண்டு நடந்து போனார்.

விபத்து ஒன்றும் நிகழவில்லை. ஒருவரும் விழவில்லை. எந்தக் காவல் நிலையத்திலும் அது பதிவாகவில்லை. ஆயினும் அக்காட்சி நம் உள்ளத்தை விட்டு அகலவில்லை. கம்பங்கள் இருந்தவரையில் அம்முதியவருக்குத் தீங்கு செய்யாது அவரருகே சென்ற அதே வண்டியோட்டிகள், கம்பம் முடிந்த மறுகணமே அவரை ஓர் இடையூறாகக் கருதியது ஏன்? அதுவரை அவர்கள் மதித்தது மனிதரையா, கம்பத்தையா?

பின்னாளில் அக்கம்பங்களில் பல மோதுண்டு சாய்ந்தன. மோட்டார் சைக்கிள்கள் பாதைக்குள் புகுந்தன. மெட்ரோ ரயில் பணிகளும் வந்து சேர்ந்தன. பல இடங்களில் பாதை உருத்தெரியாமற் போயிற்று. இஃது ஒரு நகரத்துச் செய்தி மட்டுமன்று. நம் நாட்டின் சாலைகளில் மிகப் பலவற்றில் கோடு முடிவது ஒருபுறமிருக்க, தொடங்குவதே இல்லை. ஆகவே, கோடு முடிந்த இடத்தில் கடமை யாருடையது என்னும் கேள்வி, சாலையில் இறங்கும் ஒவ்வொருவரையும் நோக்கி எழுகின்ற அறக் கேள்வியாகும்.

சாலை யாருக்கு உரியது?

"மிதிவண்டிக்கு என்று பாதை போட்டுக் கொடுத்தாயிற்று. அதற்கு வெளியே உள்ள சாலை மோட்டார் வண்டிகளுக்கு உரியது. அங்கே வருகிறவன் தன் உயிருக்குத் தானே பொறுப்பு" என்று கூறுவோர் உளர். இக்கூற்றில் அடிப்படையான பிழை ஒன்று இருக்கின்றது. மிதிவண்டியினருக்குச் சாலையில் செல்லும் உரிமையைக் கோடு கொடுக்கவில்லை. உரிமை முன்பே இருந்தது; அவ்வுரிமையைப் பிறர் மதியாமையினாலேயே வேலி தேவைப்பட்டது. வயலைச் சுற்றி வேலியிடுகிறோம். ஓரிடத்தில் வேலி அறுந்துவிட்டால், அங்கே பயிர் உழவனுக்கு உரியதன்று என்று யாரேனும் சொல்வதுண்டா?

நம் வாசகர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பொதுச்சாலையில் இன்னார் செல்லலாம், இன்னார் செல்லலாகாது என்ற கொடுமை இத்தேசத்தில் நிலவிய காலம் மிகத் தொலைவில் இல்லை. 1893ஆம் ஆண்டில் திருவிதாங்கூரில் அய்யன்காளி அவர்கள், தம் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் வில்வண்டியில் ஏறிச் சென்றார். சாலை எல்லோருக்கும் பொது என்பதை அவர் தம் வண்டிச் சக்கரத்தாலேயே எழுதிக் காட்டினார். அந்நாளைய கொடுமையும் இந்நாளைய அலட்சியமும் ஒன்றென்று நாம் கூறவில்லை. அங்கே பிறப்பு பார்க்கப்பட்டது. இங்கே வண்டி பார்க்கப்படுகிறது. எனினும், "இது உனக்கான இடமன்று, ஒதுங்கு" என்று சொல்லும் மனப்பான்மை, எவ்வுருவில் வந்தாலும் அதை அடையாளம் கண்டுகொள்ளும் கடமை நமக்கு உண்டு.

மிதிவண்டியில் செல்வோர் யாவர்? 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, இந்தியக் குடும்பங்களில் 100க்கு ஏறத்தாழ 45 குடும்பங்களில் மிதிவண்டி இருந்தது. கார் இருந்தவை 100க்கு 5 கூட இல்லை. விடியற்காலையில் செய்தித்தாள் கொண்டுவருபவர், கட்டட வேலைக்குச் செல்பவர், இரவுக் காவல் முடிந்து வீடு திரும்புபவர், பள்ளிக்குச் செல்லும் சிறுமி ஆகிய இவர்களே பெரும்பாலும் அந்த இரு சக்கரங்களின் மேல் இருப்பவர்கள். உடற்பயிற்சிக்காக மிதிப்போரும் இருக்கிறார்கள். அவர்கள் வேண்டாமென்றால் வீட்டில் இருந்துவிடலாம். ஏழைத் தொழிலாளி அவ்வாறு இருக்கவியலாது. கோடு முடிந்தாலும் அவர் மேலே சென்றேயாக வேண்டும்.

பாராமல் அமர்ந்த பிக்கு

இனி, இக்கேள்வியின் நடுப்பகுதிக்கு வருவோம். மோதிவிட்ட வண்டியோட்டி எப்பொழுதும் கூறுவது ஒன்றே: "நான் வேண்டுமென்று செய்யவில்லை, நான் பார்க்கவில்லை." பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும். பகவான் புத்தர் செயலின் தன்மையைச் சேதனை என்னும் மன எண்ணத்தைக் கொண்டே அளந்தார் என்பதை நாம் அறிவோம். அங்ஙனமாயின், எண்ணமின்றி நேர்ந்த சாவுக்கு வண்டியோட்டி பொறுப்பாளி அல்லன் என்று ஆகிவிடாதா?

விநய பிடகத்தில் இதற்கு விடையளிக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. பிச்சையேற்கச் சென்ற பிக்கு ஒருவர், ஓர் இருக்கையின்மேல் அமர்ந்தார். அதன்மேல் துணி போர்த்திய குழந்தை ஒன்று கிடந்ததை அவர் அறியவில்லை. குழந்தை நசுங்கி இறந்தது. பிக்கு மனம் பதறினார். தாம் சங்கத்திலிருந்து நீங்கவேண்டிய பெருங்குற்றம் செய்துவிட்டோமோ என்று அஞ்சி, பகவானிடம் வந்து நடந்ததைக் கூறினார். கொல்லும் எண்ணம் இல்லாமையால் அப்பெருங்குற்றம் அவரைச் சாரவில்லை என்று பகவான் தீர்ப்பளித்தார். ஆனால் அத்துடன் நிறுத்திவிடவில்லை. இருக்கையை நன்கு பாராமல் ஒருவரும் அமரலாகாது என்றும், அவ்வாறு அமர்வது குற்றம் என்றும் விதி செய்தார்.

இத்தீர்ப்பின் நுட்பம் கருதத்தக்கது. அறியாது செய்தவரைக் கொலைஞர் என்று பகவான் சொல்லவில்லை, அது நீதியாகாது. அறியாது செய்ததனால் ஒன்றுமில்லை என்றும் விட்டுவிடவில்லை, அது கருணையாகாது. 'கொல்ல எண்ணினாயா?' என்பது ஒரு கேள்வி. 'பார்த்திருக்க வேண்டாமா?' என்பது மற்றொரு கேள்வி. முதற் கேள்விக்கு இல்லை என்று விடை சொல்லிவிட்டதனால், இரண்டாம் கேள்வியிலிருந்து தப்பித்துவிட முடியாது.

சாலைக்கு இதனைப் பொருத்திப் பார்ப்போம். வண்டியோட்டி கொல்ல எண்ணவில்லை, மெய்யே. ஆனால் செல்பேசியை எடுத்துப் பார்க்க எண்ணியது யார்? முன்னே பாதை குறுகுகிறது என்பதைக் கண்டும், மிதிவண்டிக்கு முன் நுழைந்துவிடலாம் என்று எண்ணியது யார்? வளைவில் இடப்புறக் கண்ணாடியைப் பாராமல் திருப்பலாம் என்று துணிந்தது யார்? இவையெல்லாம் சேதனைகளே. சாவு எண்ணப்படவில்லை, சாவுக்கு வழிவிட்ட ஒவ்வொரு சிறு செயலும் எண்ணப்பட்டது. பமாதம் என்னும் அசட்டை வானத்திலிருந்து விழுவதன்று; ஒவ்வொரு கணமும் நாமே தேர்ந்துகொள்வது. பகவானின் இறுதி உபதேசம் அதற்கு மாறான அப்பமாதத்தை, அஃதாவது விழிப்புடைமையை வற்புறுத்தியது என்பதை நினைவுகூர்தல் நலம்.

அந்தப் பிக்குவிடம் நாம் கற்கவேண்டிய மற்றொரு பாடமும் உண்டு. அவர் ஓடிவிடவில்லை; மறைக்கவில்லை; தாமே வந்து சொன்னார். நம் சாலைகளில் மோதியவர் ஓடிவிடுவது வழக்கமாகிவிட்டது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது வண்டியோட்டியின் கடமை என்கிறது. பாராமை ஒரு குற்றமாயின், பார்த்தபின் விட்டோடுதல் அதனினும் பெரிது. முன்னதில் எண்ணம் மங்கியிருந்தது என்றாவது சொல்லலாம். பின்னதில் எண்ணம் தெளிவாகவே இருக்கின்றது.

பளுவும் வேகமும்

பொறுப்பு இருவருக்கும் சமமே என்று சிலர் வாதிப்பர். சாலை விதிகள் இருவருக்கும் பொது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தீங்கு செய்யும் ஆற்றல் சமமாக இல்லை. மிதிவண்டியின் எடை 20 கிலோ அளவுதான். சரக்கேற்றிய லாரியின் எடை பல டன்கள். மிதிவண்டியினர் தவறு செய்தால் பெரும்பாலும் அவரே சாகிறார். லாரிக்காரர் தவறு செய்தாலும் சாகிறவர் மிதிவண்டியினரே.

வேகத்தின் கணக்கையும் காண்க. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடுகிறது. ஆளைக் கண்டு, காலைத் தடைக்கட்டையின்மேல் வைப்பதற்கே ஒரு வினாடி ஆகும். 30 கிலோமீட்டர் வேகத்தில் அதே வினாடியில் 8 மீட்டருக்குச் சற்று மேல்தான் செல்லும். வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய உலக மாநாடு, நடப்போரும் மிதிவண்டியினரும் மோட்டார் வண்டிகளோடு கலந்து செல்லும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீட்டரையே வேக எல்லையாகக் கொள்ளுமாறு அறிவித்தது. கோடு முடியும் இடம் துல்லியமாக அத்தகைய இடமன்றோ?

தீங்கு செய்யும் ஆற்றல் மிகுந்தவனுக்குப் பொறுப்பும் மிகுதி என்பது ஞானிகளின் கனவு மட்டுமன்று, சட்டமாகவும் வந்திருக்கிறது. பிரிட்டனில் 2022 ஜனவரி 29 முதல் நடைமுறைக்கு வந்த சாலை நெறிகள், அதிகத் தீங்கு விளைவிக்கக்கூடிய வண்டியைச் செலுத்துவோரே பிறருடைய ஆபத்தைக் குறைப்பதில் அதிகப் பொறுப்புடையவர் என்று வெளிப்படையாகக் கூறுகின்றன. மணிக்கு 30 மைல் வரையிலான வேகத்தில் மிதிவண்டியைக் கடக்கும்போது குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விடவேண்டும் என்றும் அவை சொல்கின்றன. நெதர்லாந்து நாட்டில், மோட்டார் வண்டி மிதிவண்டியினர்மீது மோதினால், அது தம்மால் தவிர்க்கவே முடியாததாக இருந்தது என்று மெய்ப்பிக்கும் சுமை நஷ்டஈட்டு வழக்கில் மோட்டார் தரப்பினருடையது. நம் நாட்டிலும் 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், நடப்போர், மிதிவண்டியினர், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் பாதுகாப்பில் வண்டியோட்டிகள் தனிக்கவனம் கொள்ளவேண்டும் என்று விதிக்கின்றன. கோடு இருக்கும் இடத்தில் மட்டும் கவனம் கொள்க என்று அவை சொல்லவில்லை.

விதி இருந்தும் நிலைமை என்ன? 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். ஏட்டில் எழுதிய விதி உள்ளத்தில் எழுதப்படவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

சில மறுப்புகள்

முதலாவது மறுப்பு: "மிதிவண்டிக்காரர்களும் ஒழுங்கில்லாதவர்கள். விளக்கின்றி வருகிறார்கள், எதிர்த்திசையில் வருகிறார்கள், கைகாட்டாமல் திரும்புகிறார்கள்." இதில் உண்மை உண்டு. நம்மவர்களுள் மிதிவண்டியில் செல்வோர் இதனைச் செவிமடுத்தல் வேண்டும். இரவில் விளக்கும், பின்புறத்தில் ஒளிகாட்டும் சிவப்புக் கண்ணாடியும் இன்றிச் செல்வது தம் உயிரின்மீது கொண்ட அசட்டையாகும். தம்மை நம்பியுள்ள மனைவி மக்கள்மீது கொண்ட அசட்டையுமாகும். ஆயினும் ஒருவருடைய தவறு மற்றவருடைய கடமையை ரத்து செய்துவிடாது. இருக்கையின்மேல் குழந்தையைக் கிடத்தித் துணியால் போர்த்தியது தவறென்று பகவான் சொல்லித் தீர்ப்பை முடிக்கவில்லை. அமர்கிறவர் பார்க்கவேண்டும் என்றே சொன்னார்.

இரண்டாவது மறுப்பு: "குற்றம் அரசினருடையது. பாதையை நடுவழியில் நிறுத்தியது யார்?" இதுவும் உண்மையே. இந்தியச் சாலைக் காங்கிரஸ் மிதிவண்டிப் பாதைகளை எவ்வாறு அமைப்பது என்பதற்கான நெறிகளை 1962ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது. 2015இல் அவற்றைத் திருத்தியும் வெளியிட்டது. அறிவு இல்லாமல் இல்லை, அக்கறைதான் இல்லை. தில்லியில் 2008ஆம் ஆண்டு, அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை பஸ்களுக்குத் தனிவழி அமைத்தபோது மிதிவண்டிகளுக்கும் பாதை வகுத்தார்கள். 2016இல் அத்தனிவழியை அகற்றத் தொடங்கினார்கள். பாதையை அகற்றலாம், மிதித்தே வேலைக்குச் செல்லவேண்டிய மனிதரை அகற்றவியலுமா? ஆகவே, பாதை நாற்சந்திக்கு முன்பே அறுந்துபோகாமல், முன்கூட்டியே எச்சரிக்கை செய்து, வேகத்தைத் தணிக்கும் மேடும் அமைத்து, பாதுகாப்பாகச் சாலையோடு இணையும்படி செய்யுமாறு அரசினரை நாம் இடையறாது வற்புறுத்தவேண்டும். ஆனால் அரசினர் தவறு செய்தார்கள் என்பது வண்டியோட்டிக்கு விடுதலைச் சீட்டு ஆகாது. பாலம் உடைந்திருப்பதைக் கண்டவன், பாலம் கட்டியவனைக் குறைகூறிக்கொண்டே அதன்மேல் வண்டியைச் செலுத்துவதில்லை, நிறுத்துகிறான். ஏன்? அங்கே ஆபத்து தன்னுடையது. கோடு முடியும் இடத்தில் ஆபத்து பிறருடையது, அதனால் நிறுத்துவதில்லை. இவ்வேறுபாட்டைத்தான் நாம் வெட்கத்தோடு எண்ணிப் பார்க்கவேண்டும்.

மூன்றாவது மறுப்பு மிகவும் கருத்துடன் கேட்கத்தக்கது. லாரியும் வாடகைக் காரும் ஓட்டிப் பிழைக்கும் அன்பர்கள் கூறுவது: "நாங்கள் விரும்பியா விரைகிறோம்? முதலாளி குறித்த நேரத்தில் சரக்குப் போய்ச் சேரவேண்டும். தாமதித்தால் கூலி பிடிப்பார்கள். இரவெல்லாம் கண் விழித்து ஓட்டுகிறோம்." இக்குறையை நாம் இலேசாகக் கருதலாகாது. இவ்விடத்தில் பொறுப்பு ஓட்டுபவரோடு நிற்காமல் மேலே ஏறுகிறது. செய்ய இயலாத நேரக்கணக்கை வகுத்த முதலாளிக்கு அதில் பங்குண்டு. பின்னிருக்கையில் அமர்ந்து "சீக்கிரம், சீக்கிரம்" என்று அவசரப்படுத்துகிறவருக்கும் பங்குண்டு. பண்டம் பத்து நிமிடத்தில் வாசலுக்கு வரவேண்டும் என்று வீட்டிலிருந்தபடியே எதிர்பார்க்கும் நமக்கும் பங்குண்டு. ஸ்டீரிங்கைத் தொடாத கைகளிலும் அந்த வேகம் இருக்கின்றது. ஆனால் பலர் பங்கு கொள்வதனால் ஒருவருடைய பங்கு குறைந்துவிடும் என்று எண்ணுதல் பிழை. பொறுப்பு என்பது பிட்டுப் பிட்டுத் தின்னும் பண்டமன்று. ஒரு விளக்கிலிருந்து பல விளக்குகளை ஏற்றினாலும் முதல் விளக்கின் ஒளி குறையாதது போல, ஒவ்வொருவர் பொறுப்பும் முழுமையானதாகவே நிற்கும்.

நாம் செய்யத்தக்கன

அறம் என்பது சொல்லாக நின்றுவிடாமல் காலிலும் கையிலும் இறங்கவேண்டும். கார் உடையவராயினும், ஆட்டோ ஓட்டுபவராயினும், மோட்டார் சைக்கிளில் செல்பவராயினும், நம் வாசகர் ஒவ்வொருவரும் கைக்கொள்ளத்தக்க சிலவற்றைக் கூறுவோம்.

மிதிவண்டிப் பாதை முன்னே முடிகிறதென்று கண்டால், மிதிப்பவர் சாலைக்குள் வந்தே தீருவார் என்று முன்னரே உணர்ந்து வேகத்தைக் குறைப்போமாக. அவர் கைகாட்டும் வரை காத்திருக்க வேண்டுவதில்லை. ஒரு கையை விட்டால் தடுமாறக்கூடிய வண்டி அது. கடக்கவேண்டுமாயின் ஒன்றரை மீட்டர் இடைவெளி விடுவோமாக. அதற்கு இடமில்லையேல், இடம் வரும்வரை பின்னால் செல்வோமாக. அவர் முதுகுக்குப் பின்னே ஒலியெழுப்பலாகாது. திடுக்கிட்டவர் எப்பக்கம் சாய்வார் என்பதை யாரும் அறியார். இடப்புறம் திரும்பும்போது, நேரே செல்லும் மிதிவண்டியை முந்தி அதன் குறுக்கே திரும்பாமல், அதனை முதலில் போகவிடுவோமாக. லாரியும் பஸ்ஸும் ஓட்டுவோர், தம் இடப்புறத்தில் கண்ணாடியில் தெரியாத இடம் உண்டென்பதை ஒருபோதும் மறவாதிருப்பார்களாக. நிறுத்திய காரின் வலக்கதவை இடக்கையால் திறக்கப் பழகுவோமாக. அப்பொழுது உடல் தானே திரும்பும், கண் தானே பின்னே பார்க்கும்.

இவற்றால் நாம் இழப்பது என்ன? சில வினாடிகள். அவ்வினாடிகளையும் அடுத்த சிவப்பு விளக்கில் எப்படியும் நின்று கழிக்கத்தான் போகிறோம்.

கோடும் கம்பமும் வேண்டாம் என்பது நம் கருத்தன்று. அவை வேண்டும், இன்னும் பலவாக, அறுபடாமல் வேண்டும். மனிதர் தவறுவர் என்பதை அறிந்து வேலியிடுவது அறிவுடைமை. ஆனால் வேலி இருக்கும் இடத்தில் தீங்கு செய்யாதிருப்பதை அறம் என்று பெருமை கொள்ள ஒன்றுமில்லை. அங்கே கம்பம் நமக்காக அறத்தைச் செய்துவிடுகிறது. கம்பம் இல்லாத இடத்தில், காவலர் இல்லாத வேளையில், நம் வேகத்தைக் கண்டு ஒதுங்குவதன்றி வேறு வழியற்ற ஒருவர் முன்னே நாம் எவ்வாறு நடந்துகொள்கிறோம் என்பதே நம் சீலத்தின் அளவுகோல்.

அன்று மாலை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்த அம்முதியவருக்குப் பெரியதொரு தியாகத்தை யாரும் செய்ய வேண்டியிருக்கவில்லை. வந்த நூற்றுக்கணக்கானவர்களில் ஒருவர், ஒரே ஒருவர், தம் காலைச் சற்றே தூக்கியிருந்தால், அவர் வண்டியின் மேல் அமர்ந்தே வீடு போய்ச் சேர்ந்திருப்பார். அந்த ஒருவராக நாம் இருப்போமாக.